ஒரு பாட்டுக்கு ஒரு அழுகை

பாரிஸில் எங்கள் மெனில்மொந்தான் பகுதியில் ஒருவன் பெயரெடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிரதமராவது. அதில் பெரிய பலன் இல்லை; பிரதமர்களின் பெயர் அடுத்த பிரதமருக்கே ஞாபகம் இருப்பதில்லை. இன்னொன்று, யாரையாவது கத்தியால் குத்துவது. குத்தினவனுக்குப் பாட்டு கட்டுவார்கள். குத்துப்பட்டவன் அந்தப் பாட்டில் ஓரமாக விழுந்து கிடப்பான்.

அப்படி விழுந்து கிடப்பவன் கஸ்தோன். என் முடிதிருத்தும் கடைக்கு அடுத்த கடையில் சீஸ் விற்றவன். பருத்த உடம்பு, சிவந்த காது, எடை போடும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொள்வான். அவன் மனைவி ஒடெத்.

மார்ச் மாதத்தில் ஒரு விடியற்காலை, ஃபெலிசியேன் என்கிறவன் அவர்கள் கடைக்குள் புகுந்தான். சாக்கடை அடைப்பு எடுக்கிற வேலை, தட்டைப் பாதம், பன்னிரண்டு மாதமும் மூக்கு ஒழுகும். திருடப் போகிறவன் ஒரு கத்தி கூடக் கொண்டுபோகவில்லை. சத்தம் கேட்டு கஸ்தோன் இரவுக் குல்லாயோடு இறங்கி வந்ததும் பயந்துபோய், மேசையில் கிடந்த சீஸ் வெட்டுகிற கத்தியையே எடுத்துக் குத்திவிட்டான். பிறகு தரையில் கொட்டியிருந்த மோர்த் தண்ணீரில் வழுக்கி விழுந்து, எழுந்து ஓடி, அடுத்த தெரு முனையில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவனைப் போலீஸ் பிடித்தது. மடியில் ஒரு வட்ட சீஸ் இருந்தது. மறு வருஷம் கில்லட்டினில் அவன் தலை போயிற்று.

இவ்வளவுதான் நடந்தது. இனி பாட்டில் நடந்ததைக் கேளுங்கள். பாட்டில் நிலா காய்கிறது. ஃபெலிசியேனுக்குப் ‘பட்டுக்கையன்’ என்று பெயர். ஸ்பெயின் தேசத்துக் கத்தி வைத்திருக்கிறான். நோயாளித் தாய்க்கு மருந்து வாங்கத்தான் கன்னம் வைக்கிறான். (அந்தத் தாயை எனக்குத் தெரியும். கல்லுக்குண்டு மாதிரி இருப்பாள். மகன் வருவது தெரிந்தால் கதவைத் தாழிடுவாள்.) தூக்கு மேடைக்குப் போகிற வீரன் மாதிரி கில்லட்டினுக்குச் சிரித்துக்கொண்டே போகிறான். ஒவ்வொரு சரணத்துக்கும் பிறகு எல்லாரும் சேர்ந்து பாட ஒரு பல்லவி:

கருமிக் கஸ்தோன் விழுந்தான்,
கண்ணீர் விட ஒரு நாயும் இல்லை;
பட்டுக்கையன் தலை விழுந்தது,
பாரிஸ் முழுதும் அழுதது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சந்தை நேரத்தில், அக்கார்டியன்காரன் எங்கள் முனைக்கு வருவான். ஜனங்கள் வட்டமாக நிற்பார்கள். பாட்டு அச்சடித்த தாளை ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு, பல்லவி வரும்போது வாயைத் திறப்பார்கள். ஒடெத்திடம் அப்போதுதான் சீஸ் வாங்கிய பெண்கள், பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவள் கடை வாசலிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடினார்கள். அவர்களுக்கு மனத்தில் வஞ்சம் ஒன்றும் இல்லை. ராகம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒடெத் என் கடைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எவாரிஸ்த், கருமின்னு சொல்லட்டும். கொஞ்சம் கருமிதான், எனக்குத் தெரியாதா? குண்டன்னும் சொல்லட்டும். ஆனா அழ ஆளில்லன்னு எப்படிச் சொல்லலாம்? நான் அழுதேனே! நீங்க பாத்தீங்கல்ல?”

“பாத்தேன் மதாம். தெருவே பாத்துச்சு.”

“அந்த ஒரு வரியை மாத்தச் சொல்லணும். வேற எதுவும் வேணாம். யார்கிட்ட சொல்லணும்?”

அக்கார்டியன்காரனைக் கேட்டோம். அவன் தாளின் அடியில் இருந்த நீல முத்திரையைக் காட்டினான். “என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? முத்திரை இல்லாமப் பாடினா போலீஸ் பெட்டியைப் பிடுங்கிடும். கழகத்துக்குப் போங்க.”

கழகம் என்றால் பாதாள உலகப் பாட்டுக் கழகம். அது பிறந்த கதை விசேஷமானது. தெருப் பாட்டுகள் திருடனையும் கொலைகாரனையும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகின்றன என்று பல வருஷங்களுக்கு முன் ஒரு மந்திரிக்குக் கோபம் வந்தது. இதைக் கட்டுப்படுத்த, மாசு மருவற்ற பெரிய மனிதர்களாகப் பார்த்து ஒரு கழகம் அமைத்தார். ஓய்வு பெற்ற நீதிபதி, வங்கி இயக்குநர், டாக்டர், நோட்டரி என்று எல்லாரும் குற்றத்தை வாழ்நாளில் கிட்டத்தில் பார்த்திராதவர்கள். பாட்டுகளைத் தடை செய்வதற்காகக் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டுக் கேட்டு அழ ஆரம்பித்தார்கள். பிறகு தாங்களே எழுத ஆரம்பித்தார்கள். இப்போது அவர்கள் முத்திரை இல்லாமல் பாரிஸில் எவனும் ஒரு கொலைகாரனைப் புகழ முடியாது.

மொன்சோ பூங்காப் பக்கம் பெரிய மாளிகை. கதவில் மூன்று பூட்டு. வாசல்காரன் சரிகை வைத்த சீருடையும் தலையில் ரவுடித் தொப்பியும் போட்டிருந்தான்.

“யாரோட ஆளு நீங்க? கொன்னவங்க பக்கமா, செத்தவங்க பக்கமா?”

“செத்தவங்க பக்கம்” என்றாள் ஒடெத்.

அவன் முகம் சங்கடப்பட்டது. “கொன்னவனோட அம்மான்னா வலது வாசல், காப்பி தருவாங்க. காதலின்னா இடது வாசல், உள்ளே பெரிய கண்ணாடி இருக்கு. செத்தவங்க ஆளுங்க இதுவரைக்கும் யாரும் வந்ததில்லியே மதாம். நிலக்கரி இறக்கற வழி ஒண்ணு இருக்கு. பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்குங்க.”

கோரிக்கை எழுதிய தாளை அவனிடம் கொடுத்துவிட்டு நிலக்கரி வழியாகவே போனோம். மேலே கூடத்தில் உறுப்பினர்கள் வால் கோட்டுக்கு மேல் சிவப்புக் கழுத்துத்துணி கட்டிக்கொண்டு, தொப்பியைக் காதுப் பக்கம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பட்டப்பெயர். நீதிபதிக்கு ‘ரத்தப் பல்லன்’. தலைவர் முசியே த ஃபொர்வில், வங்கி இயக்குநர். அவர் ‘மூணாவது சந்துக் கத்தி’. அவர் பிறந்ததிலிருந்து சந்து என்பதையே பார்த்ததில்லை என்று அவருடைய காரோட்டி பிறகு எனக்குச் சொன்னான்.

கூட்டம் தொடங்குமுன் அனைவரும் எழுந்து, கத்தி இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்து, தலை குனிந்து மௌனம் காத்தார்கள். ஒடெத்தும் எழுந்து நின்றாள். கஸ்தோனுக்காக என்று நினைத்தாள். சிலுவை கூடப் போட்டுக்கொண்டாள். கில்லட்டினில் போன கொலைகாரர்களுக்கான அஞ்சலி அது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

தலைவர் உட்காரப் போனவர் துள்ளி எழுந்தார்.

“என் குடை! வெள்ளிப்பிடி போட்ட குடை! இங்கதான் வெச்சேன். எவனோ அடிச்சிட்டான்! கதவைப் பூட்டுங்க! போலீஸைக் கூப்பிடுங்க!”

கூடம் அல்லோலகல்லோலப்பட்டது. ‘ரத்தப் பல்லன்’ நாற்காலி மேல் ஏறி நின்று, திருட்டுப் பயல்களுக்குக் கையை வெட்டுகிற சட்டம் வேண்டும் என்று கத்தினார். நிலக்கரி வழியாக வந்தவர்கள் நாங்கள்தான் என்பதால் எங்களைச் சோதித்தார்கள். ஒடெத்தின் பையில் கழகத்துக்கென்று அவள் கொண்டு வந்திருந்த ஆட்டுப்பால் சீஸ் இருந்தது. குடை தலைவரின் இடது கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சீஸை மட்டும் சாப்பிட்டார்கள்.

வாயைத் துடைத்துக்கொண்டு தலைவர் பேசினார்.

“மதாம், உங்க கோரிக்கையைப் படிச்சோம். செத்துப்போனவர் மேல இந்தக் கழகத்துக்கு மரியாதை உண்டு. அவர் இல்லாம பாட்டே இல்ல. எவனாவது ஒருத்தன் சாகணும், அப்பதான் கொன்னவன் சோகமா இருக்க முடியும். ஆனா அவருக்கு ஒரு வரிக்கு மேல கொடுத்தா என்ன ஆகும்? கேக்கறவங்களுக்குக் குழப்பம் வரும். யாருக்காக அழறதுன்னு தெரியாமப் போயிடும். ஒரு பாட்டுக்கு ஒரு அழுகைதான், மதாம். அதை ரெண்டு பேருக்குப் பங்கு போட்டா யாருக்கும் பத்தாது.”

“நான் பங்கு கேக்கலீங்க” என்றாள் ஒடெத். “ஒரு நாயும் அழலன்னு இருக்கு. நான் அழுதேன்.”

அடுத்து பாட்டை எழுதினவர் எழுந்தார். முசியே லத்தூஷ், தொழில் நோட்டரி. ஒல்லியாக, கம்பளிக் கையுறையோடு இருந்தார்.

“உங்க வீட்டுக்காரரைக் கொன்னது நான்தான் மதாம். பாட்டுல சொல்றேன். நிஜத்துல எனக்கு ரொம்பப் பயந்த சுபாவம், இருட்டினா அம்மா வெளிய விடமாட்டாங்க. ஆனா அந்த ரெண்டாவது சரணத்துல எவ்வளவு துணிச்சலாக் குத்தியிருக்கேன் பாத்தீங்களா? எழுதும்போது எனக்கே கை நடுங்குச்சு.”

“அவரை நீங்க பாத்திருக்கீங்களா?”

“எதுக்குப் பாக்கணும்? கடைக்காரர்னா கருமி. அது பாட்டு மரபு. சரி, நீங்களே சொல்லுங்க. அவர்கிட்ட பாடற மாதிரி ஏதாவது இருந்துச்சா?”

ஒடெத் யோசித்தாள். “ஞாயித்துக்கிழமை மத்தியானம் என் காலைப் பிடிச்சு விடுவாரு. வாரம் பூரா நின்னே வியாபாரம் பண்ணி எனக்குக் கால் வீங்கிப்போகும். பேச மாட்டாரு. சும்மா பிடிச்சு விடுவாரு.”

லத்தூஷ் பென்சிலை எடுத்தார், மறுபடி கீழே வைத்தார்.

“கால் வீக்கம்” என்றார் லத்தூஷ் வருத்தத்தோடு. “இதுக்கு அக்கார்டியன் ஒத்துழைக்காது மதாம்.”

சாட்சி சொல்ல நான் எழுந்தேன். அவள் அழுததை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். நீதிபதி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க யாரையாவது குத்தியிருக்கீங்களா?”

“சவரம் பண்ணும்போது எப்பவாவது தெரியாம கீறியிருக்கேன்.”

“பாதாள உலக அனுபவம் இல்லாதவர். சாட்சி செல்லாது.”

ஆகவே கழகத்தின் வழக்கப்படி கண்ணீர்ச் சோதனை வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அசல் கண்ணீர் வேண்டுமே. அதற்கு மதாம் ஸுல்மாவை வரவழைத்தார்கள். பாட்டை மேடையேற்றிய பாடகி அவள்தான். கறுப்பு கவுன், சுண்ணாம்பு அடித்த முகம். ‘நான் சாக்கடையில் பிறந்தவள்’ என்று ஆரம்பிக்காமல் அவள் மேடையில் வாய் திறப்பதில்லை. திழோன் நகரத்தில் அவள் அப்பாவுக்கு இரண்டு மருந்துக் கடை என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். ரசிகர்கள் அந்தப் பத்திரிகையைத்தான் வாங்குவதை நிறுத்தினார்கள்.

ஸுல்மா பாடினாள். ‘தலை விழுந்தது’ என்ற இடத்தில் இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கி, கன்னத்தின் நடுவில் நின்றது. டாக்டர் உறுப்பினர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

“இப்ப நீங்க, மதாம்” என்றார் தலைவர்.

ஒடெத் நடுக்கூடத்தில் நின்றாள். கையைப் பிசைந்தாள். தொப்பி வைத்த பெரிய மனிதர்கள் முன்னால் சாய்ந்து அவள் கண்ணைப் பார்த்தார்கள்.

“இத்தனை பேர் பாக்கும்போது வரலீங்களே” என்றாள்.

ஸுல்மா அவள் தோளில் கை போட்டாள். “பழக்கம் இல்லாட்டி வராதுடி கண்ணு. மூச்சை வயித்துல இருந்து இழுக்கணும். புருஷனை நெனைக்காதே. மேடை விளக்கை நெனைச்சுக்கோ.”

வரவில்லை. டாக்டர் ‘கண் வறண்டிருக்கிறது’ என்றார். நீதிபதி ‘இறந்தவருக்குக் கண்ணீர் விடப்பட்டதாக நிரூபணம் ஆகவில்லை’ என்றார். விஷயம் அத்தோடு முடிந்தது என்று எண்ணி நாங்கள் நிலக்கரி வழியைத் தேடினோம். ஆனால் தலைவர் பின்னாலேயே வந்து ஒடெத்தின் கையைப் பிடித்து முத்தமிட்டார்.

“நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல. வர்ற ஆண்டு விழாவுல உங்க கண்ணீருக்குப் பாட்டுல ஒரு சரணமே தர்றோம். லத்தூஷ் எழுதுவாரு. நீங்க முன் வரிசையில உக்காரணும்.”

எனக்கு உடனே சந்தேகம் தட்டியது. எங்கள் தெரு ஆட்களில் எவனும் பெரிய மனிதர்களிடம் ஒன்று கேட்டு, கேட்டதைவிட அதிகம் வாங்கிக்கொண்டு வந்ததில்லை. ஆனால் ஒடெத்தின் முகத்தைப் பார்த்தபின் சொல்ல மனம் வரவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸில், “ஒரு வரி கேட்டேன், ஒரு சரணம் தர்றாங்க, எவாரிஸ்த். நல்ல மனுஷங்கதான் போல” என்றாள். விழாவுக்குக் கஸ்தோனை அடக்கம் செய்த அன்று உடுத்திய கறுப்பு உடையையே எடுத்து இஸ்திரி போட்டாள்.

விழாவில் சரவிளக்குகள் எரிந்தன. மந்திரி வந்திருந்தார். மேடையில் பட்டுக்கையனின் பளிங்குச் சிலையைத் திறந்து வைத்தார்கள். மார்பு வரை சிலை, நேரான மூக்கு, அதில் எதுவும் ஒழுகவில்லை. தலையையும் கழுத்தையும் சேர்த்து ஒரே கல்லில் செதுக்கியிருப்பதைத் தலைவர் குறிப்பிட்டுச் சொன்னார். “நீதி பிரிச்சதைப் பாட்டு சேர்த்து வெச்சிருக்கு!” மந்திரி உட்பட எல்லாரும் கை தட்டினார்கள். அந்தத் தலையை வெட்ட உத்தரவு போட்ட அரசாங்கத்தில் அவரும் மந்திரியாக இருந்தவர்தான்.

பிறகு ஸுல்மா வந்தாள். பழைய பாட்டைப் பாடினாள். கூடம் பல்லவி சொல்லிற்று. ஒடெத் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். புதுச் சரணம் வந்தது:

கருமியின் மனைவியும் அழுதாள்,
கதவோரம் மறைந்து அழுதாள்;
பட்டுக்கையா, உன் தலைக்கு
அவளும் ஒரு முத்தம் தந்தாள்.

முன் வரிசையை நோக்கி ஒரு விளக்கைத் திருப்பினார்கள். கூடம் முழுவதும் அவளைப் பார்த்தது. பெண்கள் கழுத்தை நீட்டினார்கள்.

ஒடெத் எழுந்து நின்றாள். “இல்ல… இல்லீங்க. அவனுக்கு இல்ல. நான் என் வீட்டுக்காரருக்கு…” என்றாள். அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தது. அவள் உதடு அசைவது மட்டும்தான் தெரிந்திருக்கும். அப்புறம் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மார்ச் மாதத்து அந்தக் காலையில் மோர்த் தண்ணீரில் மண்டியிட்டு, இரவுக் குல்லாயை மடியில் வைத்துக்கொண்டு எப்படி அழுதாளோ அப்படியே அழுதாள். மூக்கு ஒழுக, முகம் கோணலாக, சத்தமாக. “கஸ்தோன், கஸ்தோன்” என்றாள்.

டாக்டர் பூதக்கண்ணாடியோடு ஓடி வந்தார். “அசல்!” என்று கூவினார்.

“பாருங்க!” என்றார் தலைவர், கைகளை விரித்து. “அன்னிக்குக் கூடத்துல வராத கண்ணீர்! புருஷன் பேரைச் சொன்னோம், வரல. பட்டுக்கையன் பேரைச் சொன்னோம், வந்துடுச்சு! கழகம் தப்புப் பண்ணாது, சீமாட்டிகளே, சீமான்களே!”

கூடம் எழுந்து நின்று கை தட்டியது. நீதிபதி குலுங்கிக் குலுங்கி அழுதார். லத்தூஷ் தன் அம்மாவைக் கட்டிக்கொண்டார்.

“அட முட்டாள்களா! அவ புருஷனுக்காக அழறா!” என்று நான் நாற்காலி மேல் ஏறிக் கத்தினேன்.

பின்னாலிருந்த சீமாட்டி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். “ஷ்! கொஞ்சம் ரசிக்க விடுங்களேன், முசியே.”

அந்த ஞாயிறே புதுத் தாள் எங்கள் முனைக்கு வந்துவிட்டது. நீல முத்திரையோடு. பாட்டு முன்னைவிட அமோகமாக விற்றது. ஜனங்கள் ஜோடி ஜோடியாக ஒடெத்தின் கடைக்கு வந்து, கால் கிலோ சீஸ் வாங்கிக்கொண்டு, “எந்தக் கதவோரம் அழுதீங்க மதாம்?” என்று கேட்டார்கள். கத்தியைப் பார்க்கலாமா என்றார்கள். மீன்காரி ஃபிலோமேன் ஒரு படி மேலே போனாள். “நெனைச்சேன். இல்லாட்டி அவன் எப்படி உள்ள வந்திருப்பான்? தாழ்ப்பாளை யார் எடுத்தது?” என்று சந்தை முழுதும் சொல்லி வைத்தாள். கடைக்கு சீஸ் அனுப்பிக்கொண்டிருந்த கஸ்தோனின் அண்ணன் ஓவெர்ஞ் மலைப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தான். தொப்பியைக் கழற்றாமல் கடை நடுவில் நின்றான்.

“பாட்டுல இருக்கறது நெசமா?”

“பொய் மச்சான்.”

“முத்திரை போட்டிருக்கே.”

அவ்வளவுதான் பேசினான். அடுத்த ரயிலில் போய்விட்டான். அதன் பிறகு அவன் சீஸ் அனுப்புவதில்லை.

நவம்பர் வந்தது. கல்லறைத் திருநாளில் ஊரே சாமந்திச் செடியைத் தூக்கிக்கொண்டு போகும். ஒடெத்தும் ஒரு தொட்டி வாங்கினாள். ஏந்திக்கொண்டு போக நான் கூடப் போனேன். பந்தேன் கல்லறைத் தோட்டத்தில் கஸ்தோனுக்குச் சின்னக் கல். அவள் மண்டியிட்டு இலைகளை ஒதுக்கினாள், கல்லைத் துணியால் துடைத்தாள், தொட்டியை வைத்தாள். பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு கல்லறை தள்ளி, ஒரு தேவதைச் சிலைக்குப் பின்னால், சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய இருவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். ஒருவரிடம் நாடகம் பார்க்கிற கண்ணாடி இருந்தது. கழகம் தன் கதாபாத்திரங்களைக் கைவிடுவதில்லை.

“பாவம், அடக்கிக்கறா” என்று ஒருவர் சொன்னது காற்றில் வந்தது. “மனசு முழுக்க அவன்கிட்டதான் இருக்கு.”

ஒடெத் தலையைத் திருப்பவில்லை. மெதுவாகக் கேட்டாள். “போயிட்டாங்களா, எவாரிஸ்த்?”

“இல்ல மதாம். நிக்கறாங்க.”

“அப்ப இன்னிக்கும் முடியாது” என்றாள். உலர்ந்த கண்ணோடு எழுந்து, பாவாடையிலிருந்து மண்ணைத் தட்டினாள்.

எனக்குத்தான் தாங்கவில்லை. நான் கஸ்தோனுக்கு என்ன உறவு? மாதம் ஒரு தடவை அவனுக்கு முடி வெட்டினவன், அவனிடம் எடை குறைந்த சீஸ் வாங்கி ஏமாந்தவன். யாரையும் குத்தாத முடிதிருத்துபவனுடைய கண்ணீரை எவனும் பாட்டில் சேர்க்க மாட்டான். அந்தத் தைரியத்தில், அந்த இரண்டு பேருக்கும் நேராகத் திரும்பி நின்றுகொண்டு, அவளுக்கும் சேர்த்து வாய்விட்டு அழுதேன்.